மூன்று பொட்டும் ஒரு புதுத் தோலும்

காலை ஐந்து நாற்பது. முதலில் தெரிந்தது ஒரு பச்சை வட்டம்.

கேமராவின் முன்பக்கத் தோலை, லென்சுக்கு இடது புறத்திலிருந்து, பிளேடால் நெம்பிக்கொண்டிருந்தேன். மேசையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு, ஒரு எவர்சில்வர் தட்டு, விளக்கு. ஸ்பிரிட் வாடை தலைவலி தரும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். வில்லியனூரில் அந்த நேரத்துக்குப் பால் வண்டியும் முதல் டவுன் பஸ்ஸும் தவிர வேறு சத்தம் இருக்காது.

தோல் ஒரு விரல் அகலத்துக்கு எழும்பியது. அடியில் பித்தளை. அதன் மேல் அந்த வட்டம், களிம்பு ஏறிய பச்சை. நடுவில் மட்டும் செங்கல் நிறம். விரல் நுனி அளவுதான் இருக்கும்.

வலது புறத்தையும் உரித்தேன். அங்கும் ஒன்று. கேமராவைத் திருப்பிப் பின்கதவை உரித்தேன். அங்கும் ஒன்று.

மூன்றையும் குறிப்பேட்டில் வரைந்து, பக்கத்தில் நேரத்தை எழுதினேன். முப்பது வருடப் பத்திரிகை வேலையில் வந்த பழக்கம். புரியாத ஒன்றைக் கண்டால் முதலில் அளவும் நேரமும்.

ஆயுத பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் அந்தக் கேமரா கையில் ஆடாமல் நிற்க வேண்டும்.

ஹெல்ப்பர்

அந்த அவசரத்துக்குக் காரணம் அருள்மேரி.

பாகூர்க்காரி. வாழ்க்கைப்பட்டது வில்லியனூரில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. சேதராப்பட்டில் கைப்பைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தாள். அவள் ஓட்டியது ஸ்கைவிங் மிஷின். இரண்டு தோல்களைச் சேர்த்துத் தைப்பதற்கு முன்னால் ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு புடைத்துக்கொண்டு நிற்கும். அந்தச் சீவலைச் செய்யும் மிஷின் அது. வட்டமான கத்தி சுழன்றபடி இருக்கும். விரலுக்கும் கத்திக்கும் நடுவில் தோல் மட்டும்தான்.

இந்த வேலையைப் பதினேழு வருடமாகச் செய்தாள். சம்பளச் சீட்டிலும் அடையாள அட்டையிலும் அவள் ஹெல்ப்பர். சேர்ந்த புதிதில் போட்டது, யாரும் மாற்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அந்தப் பிலிம் கேமரா இருக்குதா, இல்ல எடைக்குப் போட்டுட்டியா?"

"இருக்குது. இன்னா விஷயம்?"

"என்னை மிஷினோட வெச்சி ஒரு போட்டோ எடுக்கணும்."

"போன்ல எடுத்தா ஆவாதா?"

"போனைத்தான் கேட்லயே வாங்கி வெச்சிக்கிறாங்களே. அப்டியே எடுத்தாலும் புது வேலைக்கு ஆள் எடுக்கற ஆபீசர் ஒத்துக்க மாட்டாரு. ஒருத்தி போன் போட்டோ எடுத்துக்கினு போனாளாம். 'இப்பல்லாம் வூட்ல குந்திக்கினே நெலாவுல நிக்கலாம்மா'ன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டாரு. நெகட்டிவ் இருந்தா அப்டிப் பேச முடியாதுல்ல?"

பெண்களுக்கான தோல் தொழில் பயிற்சி மையம் ஒன்றில் பயிற்றுநர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மிஷின் ஓட்டிய அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். ஆலையில் கடிதம் கேட்டிருக்கிறாள். ஹெல்ப்பருக்கு ஹெல்ப்பர் என்றுதான் கொடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்ப உள்ள வந்து எப்டி எடுக்கறது?"

"ஆயுத பூஜை அன்னிக்கு வூட்டாளுங்களைக் கூட்டிக்கினு வரலாம். ஆளுக்கு ரெண்டு பேரு. நீ வா. பூஜை முடிஞ்சதும் அவுங்கவுங்க மிஷினை ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டுவோம். அந்த ஒரு நிமிஷந்தான்."

சரி என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் கேமராவை வெளியே எடுத்தேன்.

பெயர் கேட்ட பெண்

அருள்மேரியை எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் செய்தியும் எழுதி, படமும் எடுத்துத் தந்த காலம். சேதராப்பட்டு ஆலைகளின் ஷிப்ட் பஸ்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள், கையில் டிபன் தூக்கு, பின்னால் மழை மேகம். நல்ல படம். அடியில் "பணி முடிந்து திரும்பும் தொழிலாளர்கள்" என்று போட்டோம்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் பேப்பரோடு வந்து நின்றாள். ஒல்லியாக, தலையில் கனகாம்பரம்.

"இதுல முன்னாடி நிக்கிறது நானு. எம் பேரு எங்க?"

பெயர் கேட்கவில்லை, மன்னிக்கணும் என்றேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

அன்றிலிருந்து பெயர் கேட்காமல் நான் யாரையும் படம் எடுத்ததில்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் என்று வேறு யாரையும் சொல்ல முடியாது.

திருத்தம்

கேமராவின் நிலைமை மோசமாக இருந்தது. வலது பக்கத் தோல் சுருண்டு, பாதி உரிந்து, அடியில் பழைய பசை பிசுபிசுத்தது. ஒரு பிலிம் சுருள் போட்டுச் சோதித்துப் பார்த்தேன். ஆலைக்குள் பிளாஷ் அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்; டியூப்லைட் வெளிச்சத்தில், ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு ஷட்டரைத் திறந்து எடுத்தாக வேண்டும். அதற்குக் கேமரா கையில் கல்லாக நிற்க வேண்டும். வியர்த்த கையில் உலோகம் வழுக்கியது. பத்துப் படத்தில் ஏழு ஆடியிருந்தது.

தோலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனி அந்த மூன்று வட்டங்கள்.

வாரந்தோறும் நான் எழுதும் இந்தத் தொடரின் தொடக்க வாரங்களில் ஒன்றில் என் கேமராவைப் பற்றி எழுதியிருந்தேன். பின்கதவின் தோல் என் கட்டைவிரல் பட்டுப் பட்டே தேய்ந்தது என்றும், அது ஒரு நிருபரின் உழைப்பு விட்ட தடம் என்றும் எழுதியிருந்தேன். நெகிழ்ந்து கடிதம் போட்ட வாசகர்களும் உண்டு. புதிதாக வரும் நிருபர்களிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவேன். அவர்களும் மரியாதையாகத் தொட்டுப் பார்ப்பார்கள்.

பச்சை வட்டங்களைக் கண்டதும் முதலில் ஒன்று உறுத்தியது. லென்சுக்கு இடது புறம் எந்த விரலும் படாத இடம். அங்கே எப்படித் தேய்மானம்?

ஆறரைக்கு என் கணவர் காபியோடு வந்தார். வில்லியனூர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அவர் அப்பா காலத்துக் கடை. குனிந்து பார்த்தார்.

"இன்னா சரசு, பொட்டு வெச்ச மாதிரி இருக்குது?"

சொன்னவர் தன் மோதிர விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கடையில் தராசு, கல்லாப்பெட்டி, மர ஏணி எல்லாவற்றுக்கும் அவர்தான் பொட்டு வைப்பார். பிறகு வீட்டுக்கு வந்து என் கேமராவுக்கு வைப்பார். சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, நடுவில் குங்குமம். கேமராவை இடது கையில் பிடித்து வலது மோதிர விரலால் வைப்பதால், பின்கதவுப் பொட்டு எப்போதும் வலது ஓரத்தில்தான் விழும். சரியாக என் கட்டைவிரல் உட்காரும் இடம். அன்று முழுக்கக் கேமராவைத் தொடக் கூடாது. ஈரம் ஊற ஒரு பகலும் ஓர் இரவும். மறுநாள் ஈரத்துணியால் துடைப்பார். இப்படி முப்பது தடவைக்கு மேல்.

"அப்ப நான்தான் கெடுத்தேன்ங்கிற."

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீ சொல்லல. குறிப்புல எழுதிட்ட."

எழுதியிருந்தேன். ஆகவே, வாசகர்களுக்கு: என் கட்டைவிரலைப் பற்றி முன்பு எழுதியது தவறு. தோலைத் தேய்த்தது உழைப்பு அல்ல, சந்தனம். திருத்திப் படிக்கவும்.

ஒன்றரை மில்லிமீட்டர்

செருப்புக் கடையில் மாட்டுத் தோல் வாங்கினேன். வழவழப்பான கறுப்பு. உரித்த பழைய தோலை அதன் மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினேன். ஒட்டிப் பார்த்தால் இரண்டு தவறு. ஒன்று, தடிமன். லென்சைச் சுற்றிய வளையத்தில் தோல் இடித்தது, பின்கதவு மூடவில்லை. இன்னொன்று, நீளம். ஓரத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு உலோகம் பல்லைக் காட்டியது.

அருள்மேரி சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தாள்.

"பழசை வெச்சி வெட்டுனியா?"

"ஆமா."

"பழசு சுருங்கிப் போயிருக்கும்க்கா. துவைச்ச ஜாக்கெட்டை அளவு குடுத்தா டெய்லர் இன்னா பண்ணுவான்? ஒடம்புலதான் அளவு எடுக்கணும்."

மாட்டுத் தோலை ஒதுக்கித் தள்ளினாள். "இது ஆவாது. ஆட்டுத் தோல் எடு. ஷூவுக்கு உள்ள வெக்கிறாங்களே, லைனிங், அது."

மறுநாள் அதையே வாங்கினேன். வெண்ணெய்த் தாளைக் கேமரா உடம்பின் மேல் போர்த்தி, பென்சில் முனையைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். விளிம்புகளும் திருகுகளின் இடமும் தாளில் எழும்பி வந்தன. சின்ன வயதில் காசைத் தாளுக்கு அடியில் வைத்துத் தேய்த்து விளையாடுவோமே, அதே வேலை. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று தடவை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டேன்.

ஆட்டுத் தோலும் கொஞ்சம் தடிமன்தான். மிஷினில் சீவினால் ஒரு நிமிட வேலை. ஆனால் ஆலைக்குள் வெளித்தோல் போகக் கூடாது, உள்தோல் வெளியே வரக் கூடாது. கேட்டில் துண்டுத் தோல் பிடிபட்டால் வேலை போய்விடும்.

"கையாலயே சீவிடறேன்" என்றாள். "சப்பையா, கல்லு மாதிரி ஒரு எடம் வேணும்."

வீட்டில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது. சமையலறை கிரானைட் மேடை.

மேடை

அதைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் எழுத வேண்டும்.

அருள்மேரி எங்கள் வீட்டுக்குப் பதினைந்து வருடமாக வருகிறாள். முன்னறையில் உட்காருவாள், டீ குடிப்பாள். சமையலறைக்குள் அவள் வந்ததில்லை. யாரும் வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

கோயிலுக்குள் போகிறவர்கள் பெல்ட்டையும் பர்ஸையும் வாசலில் கழற்றி வைப்பதை எத்தனையோ திருவிழாக்களில் படம் எடுத்திருக்கிறேன். தோல் போர்த்திய கேமரா என் கழுத்தில் தொங்கும். ஒருவரும் கேட்டதில்லை. எது தோல், எது தோல் இல்லை என்பதை நாம் வசதிக்கு ஏற்றபடி முடிவு செய்துகொள்கிறோம்.

அவளுடைய வார விடுமுறை நாளில் மேடையைத் துடைத்தேன். அவள் தோலை விரித்து, குட்டையான கத்தியை எடுத்தாள். அப்போது என் கணவர் கடையிலிருந்து சாப்பிட வந்தார். வாசற்படியிலேயே நின்றார். அவர் குடும்பத்தில் கடைக்குள்கூட அசைவப் பேச்சு எடுக்க மாட்டார்கள்.

"சரசு... சமையல்கட்டுலயா?"

அருள்மேரியின் கை நின்றது. கத்தியைக் கீழே வைக்கவில்லை. தோலின் மேல் அப்படியே நிறுத்தினாள்.

"தோல் பெல்ட்டைக் கட்டிக்கினுதான் டெய்லி இங்க நின்னு தண்ணி குடிக்கிறீங்க" என்றேன். "மேடையைக் கழுவிக்கலாம். எனக்கு அஞ்சு நாள்தான் இருக்குது."

அவர் பெல்ட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு தெருவில் இறங்கிப் போனார். அருள்மேரி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் வூட்ல எடுத்துப் போயி சீவிக்கினு வந்துடறேன்."

"இங்கயே சீவு."

கால் மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார். கையில் கடையிலிருந்து எடுத்து வந்த, தடிமன் அளக்கும் வெர்னியர் அளவுகோல். சமையலறைக்குள் வந்து மேடைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"எவ்ளோ தடிமன் வேணும்?"

"புள்ளி ஏழு மில்லிண்ணே" என்றாள் அருள்மேரி.

"கையால புள்ளி ஏழா? சும்மா சொல்லாத."

"புடிச்சிப் பாருங்க."

கத்தி கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் போனது. அவள் கத்தியைப் பார்க்கவில்லை. இடது கைப் பெருவிரலால் தோலைத் தடவிக்கொண்டே சீவினாள். வெங்காயச் சருகு மாதிரி சீவல் சுருண்டு விழுந்தது. முதல் துண்டை நீட்டினாள். என் கணவர் மூன்று இடத்தில் அளந்தார். புள்ளி ஏழு. புள்ளி ஏழு. புள்ளி ஏழு ஐந்து.

"தோ, இங்க அஞ்சு ஏறுது."

"அது உங்க கை அமுக்குனது பத்தலண்ணே. நல்லா மூடுங்க."

மூடினார். புள்ளி ஏழு.

"இவளையா ஹெல்ப்பர்னு போட்டிருக்கானுங்க?" என்றார்.

மேடையை அவரே கழுவினார். சாப்பாடு மூன்று மணிக்குத்தான் ஆயிற்று. மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பச்சைக் களிம்பை எலுமிச்சைச் சாறும் மெல்லிய உப்புத்தாளும் போட்டு எடுத்தேன். முழுக்கப் போகவில்லை; மூன்று மங்கலான வளையங்கள் நின்றன. அதன் மேல் சைக்கிள் கடை ரப்பர் சொல்யூஷனை மெல்லத் தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, தோலை ஓர் ஓரத்திலிருந்து படியவைத்தேன். விளிம்புக்கு விளிம்பு உட்கார்ந்தது. பின்கதவு 'டக்' என்று மூடியது. அடுத்த சோதனைச் சுருளில் பத்துக்கு ஒன்பது ஆடவில்லை.

லிஸ்ட்டில் இல்லாதது

ஆயுத பூஜை. காலை ஒன்பது பத்து. ஆலை கேட்டில் இரண்டு வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், ஒரு கூடை நிறைய செல்போன்.

காவலுக்கு நின்ற பெண்மணிக்கு என் வயது இருக்கும். சீருடைச் சட்டைக்கு மேல் மல்லிகைப் பூ. என் பையைத் திறந்து பார்த்தார்.

"இது இன்னா மேடம், கேமராவா?"

"ஆமா."

சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை விரல் வைத்துப் படித்தார். "செல்போன், ஸ்மார்ட் வாட்ச், பென் டிரைவ், டிஜிட்டல் கேமரா. இது டிஜிட்டலா?"

"இல்ல. பிலிம்."

"எடுத்த போட்டோவ எங்க பாப்பீங்க?"

"இப்பப் பாக்க முடியாது. கழுவணும்."

"பாக்க முடியாதா?" கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சூப்பர்வைசருக்கு இன்டர்காமில் பேசினார். "சார், ஒரு மேடம் கேமரா எடுத்தாந்திருக்காங்க... இல்ல சார், போட்டோ தெரியாத கேமரா... லிஸ்ட்ல இல்ல சார்... சரி சார்."

வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "லிஸ்ட்ல இல்லாட்டி விட்டுடச் சொல்றாரு."

அத்தோடு முடியவில்லை. நகத்தால் தோலைச் சுரண்டினார். "இது புதுத் தோலா இருக்குதே. எங்க கம்பெனி சரக்கு இல்லியே?"

பக்கத்தில் அருள்மேரி மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. செருப்புக் கடை ரசீதைப் புடவை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினேன். அதைக் கொண்டுவரச் சொன்னவர் என் கணவர். கடைக்காரர் புத்தி. காவலர் பதிவேட்டில் எழுதினார்: "தோல் ஒட்டிய கேமரா - ஒன்று. உள்ளே." நான் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூச்சரம். அருள்மேரி தன் மிஷினுக்குத் தானே பொட்டு வைத்தாள். கழுத்தில் சிலுவை, விரலில் சந்தனம். கண்ணுக்கு நேராக இருந்த எண் தகட்டை மட்டும் விட்டுவிட்டாள்.

"அதுல வெச்சா நம்பர் மறைஞ்சிடும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

சூப்பர்வைசர் தட்டோடு வந்தார். "மேடம், கேமராவும் ஆயுதம்தானே. ஒரு பொட்டு வெச்சிடுவோம்."

விரல் தோலை நோக்கி வந்தது. கேமராவைப் பின்னால் இழுத்துக்கொண்டு இடது புறங்கையை நீட்டினேன். அதில் வைத்தார்.

கற்பூரம் காட்டி முடித்ததும் மணி அடித்தார்கள். மிஷின்கள் ஓடத் தொடங்கின. அருள்மேரி ஒரு துண்டுத் தோலை எடுத்துக் கத்திக்குக் கொடுத்தாள். நான் முழங்கையை விலாவில் அழுத்தி, மூச்சை விட்டு, எடுத்தேன். ஒரு நிமிடத்தில் ஆறு படம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி மணி அடித்தது. நின்றது.

மறுநாள் குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துச் சுருளைக் கழுவினேன். ஆறில் இரண்டு ஆடியிருந்தது. மூன்றாவது படம் கூர்மையாக இருந்தது. அதில் அவள் முகம், கத்தி, சீவல், சட்டையில் குத்திய பெயர் அட்டை, மிஷினின் எண் ஆகிய எல்லாமே தெரிந்தன.

நேர்காணலில் அந்த அதிகாரி நெகட்டிவ் பட்டையை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாராம். பிறகு ஒரு துண்டுத் தோலையும் கத்தியையும் அவள் முன்னால் தள்ளினாராம்.

"அளவு எவ்ளோ சார்னு கேட்டேன்" என்றாள் அருள்மேரி. "அவருக்குத் தெரியலக்கா. நானே புள்ளி ஏழு சீவிக் குடுத்துட்டு வந்தேன்."

தை மாதத்தில் வேலையில் சேர்ந்தாள். நியமனக் கடிதத்தில் பயிற்றுநர் என்று இருக்கிறது.

சேதராப்பட்டில் அந்த மிஷினில் இப்போது உட்காரும் பெண்ணின் பெயர் சத்யா. அவளுடைய அடையாள அட்டையில் ஹெல்ப்பர் என்று இருக்கிறது.